எட்டில் ஒரு அங்குலம்: ‘வைல்ட்கேட்’ ரிவால்வர் தோட்டாக்களில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

அமெரிக்காவில் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள் வைத்திருக்கும் கையேடுகளில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. ‘.45 கோல்ட்’ என்ற ஒரே தோட்டாவுக்கு இரண்டு தனித்தனிப் பகுதிகள் இருக்கும். ஒன்று பொதுவானது. இன்னொன்றின் தலைப்பிலேயே, ரூகர் போன்ற வலுவான துப்பாக்கிகளுக்கு மட்டும் என்று எச்சரிக்கை இருக்கும்.

பெயர் ஒன்று. நீளம் ஒன்று. விட்டமும் ஒன்று. மேஜையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆனால் முதல் வகை, 1873இல் வந்த பழைய கோல்ட் ரிவால்வருக்காகப் பிறந்தது. இரண்டாவது வகையும் அதே ரிவால்வரின் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். சுட்டால், ரிவால்வர் கையிலேயே சிதறலாம்.

பெரிய ரிவால்வர்களுக்கான ‘வைல்ட்கேட்’ தோட்டாக்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வேகம், அடி, கரடியைச் சாய்க்குமா சாய்க்காதா என்றுதான் பேசுகிறார்கள். உண்மையான மேட்டர் அது இல்லை. ஒரு மனிதரின் பட்டறையில் பிறந்த அளவு, அவருக்குப் பிறகு யார் கையில் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி.

அது என்ன வைல்ட்கேட்?

எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்காத, எந்த அமைப்பும் அளவு நிர்ணயிக்காத, தனி ஆள் வடிவமைத்த தோட்டாவுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அவர்கள் ஊரில் இந்த வார்த்தை வேறு இடங்களிலும் வரும். 19ஆம் நூற்றாண்டில் கட்டுப்பாடில்லாமல் நோட்டு அச்சடித்த வங்கிகள் ‘வைல்ட்கேட் வங்கிகள்’. எண்ணெய் இருக்கிறதா என்றே தெரியாத நிலத்தில் தோண்டும் கிணறு ‘வைல்ட்கேட்’. சங்கத்தின் அனுமதி இல்லாமல் திடீரென்று நடக்கும் வேலைநிறுத்தமும் அதேதான். எங்கும் கையெழுத்தாகாமல் நடக்கும் காரியம் என்று புரிந்துகொண்டால் போதும்.

செய்முறை பெரும்பாலும் பழையதைப் புதிதாக்குவதுதான். ஏற்கெனவே கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து, வெட்டி, கழுத்தை விரித்தோ சுருக்கியோ, வேறு விட்டத்தில் குண்டு பொருத்துவார்கள். அதற்கேற்ற துப்பாக்கி கடையில் இருக்காது. அதனால் ‘கன்ஸ்மித்’ எனப்படும் துப்பாக்கி வேலைக்காரர் ஒருவர், இருக்கும் ரிவால்வருக்குப் புதிய சிலிண்டர், புதிய குழல் செய்து, அந்தத் தோட்டாவின் அளவுக்கு அறைகளைக் குடைவார். கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு ரீமர் என்றால் என்னவென்று சொல்லித் தரவேண்டியதில்லை. அதே கருவி, அதே நுணுக்கம். ஒவ்வொரு வைல்ட்கேட்டுக்கும் தனி ரீமர் வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

இந்தியாவில் இதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிப்பது, மாற்றியமைப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் பிறருக்காகத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் மத்திய அரசின் உரிமம் தேவை. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்பவருக்குத் தேவையில்லை. அதனால்தான் இந்தப் பண்பாடு அங்கே மட்டும் இவ்வளவு தழைத்தது.

அறையின் சுவரில் எத்தனை இரும்பு?

ரிவால்வரில் எல்லாமே சிலிண்டரில்தான் இருக்கிறது. ஒரு உருண்டை இரும்புத் துண்டில் ஆறு ஓட்டை. ஓட்டை பெரிதானால் ஓட்டைக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே உள்ள சுவர் மெலிகிறது. பக்கத்து ஓட்டைக்கும் இதற்கும் இடையே உள்ள சுவரும் மெலிகிறது. அதற்கு மேல், சிலிண்டரைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்காக வெளியே சின்னப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பல ஆறு அறை ரிவால்வர்களில் அந்தப் பள்ளம், சுவர் ஏற்கெனவே மெல்லியதாக இருக்கும் இடத்துக்கு நேராகவே விழும்.

அந்தச் சுவர் தாங்கவேண்டிய அழுத்தம் என்ன? பெட்ரோல் பங்கில் கார் டயருக்குக் காற்றடிக்கும்போது “முப்பத்திரண்டு வைங்க” என்று சொல்கிறோமே, அதே அலகில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில் பார்க்கலாம். .45 கோல்ட் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு 14,000. .44 மேக்னமுக்கு 36,000. .454 காசுல் என்ற தோட்டாவுக்கு 65,000. டயரின் அழுத்தத்தைப் போல் 2,000 மடங்கு. அது முகத்திலிருந்து ஒரு முழங்கை தூரத்தில் நடக்கிறது.

இந்த எண்களை நிர்ணயிக்கும் அமைப்பு 1926இல் அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதால் துப்பாக்கி, தோட்டா நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே தமிழில் எழுத்துக்கூட்டினால் ‘சாமி’ என்று வந்து நிற்கிறது. பெயர்தான் சாமி, அதிகாரம் எதுவும் கிடையாது. அதன் தரங்களைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பம். ஐரோப்பாவில் கதையே வேற. அங்கே 1914இல் தொடங்கிய பன்னாட்டு ஏற்பாட்டின் கீழ், உறுப்பு நாடுகளில் ஒவ்வொரு துப்பாக்கியும் விற்பனைக்கு முன் அரசுச் சோதனைக்கூடத்தில் அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை குத்தப்படவேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒரு அரசு முத்திரை இல்லை. ஆகவே அங்கே ஒரு வைல்ட்கேட் ரிவால்வர் தாங்குமா தாங்காதா என்பதற்கு ஒரே உத்தரவாதம் அதைச் செய்தவரின் வார்த்தை.

வெடித்த ரிவால்வரிலிருந்து வந்த பாடம்

எல்மர் கீத் என்ற பெயரைத் தெரியாமல் இந்த வரலாற்றுக்குள் நுழைய முடியாது. 1899இல் பிறந்தவர், 1984இல் மறைந்தார். ஐடஹோ மாநிலத்து மாட்டுப்பண்ணைக்காரர். பெரிய தொப்பி, ஓயாத எழுத்து. 1925 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். கொண்டாட்டத்துக்குச் சுட்டபோது அவருடைய .45 கோல்ட் ரிவால்வர் வெடித்தது. ரைஃபிளுக்கான கனமான குண்டை அதில் நிரப்பியிருந்தார். சிலிண்டரின் மேல்பாதி பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

அந்த நாளுக்குப் பிறகு கீத் .44 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கு மாறினார். காரணம் எளிது. அதே அளவு சிலிண்டரில் .44க்கான ஓட்டை சிறியது, சுவர் தடிமன். அடுத்த முப்பது ஆண்டுகள் அந்தத் தோட்டாவில் தொழிற்சாலை வைப்பதைவிடப் பல மடங்கு வலுவான மருந்தை நிரப்பிச் சுட்டுக்கொண்டே இருந்தார். பத்திரிகைகளில் எழுதினார். நிறுவனங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார்: இதையே நீங்கள் தொழிற்சாலையில் செய்து விற்க வேண்டியதுதானே?

நிறுவனங்கள் தயங்கின. அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று கீத்தின் ரசிகர்கள் இன்றும் சொல்வதுண்டு. ஆனால் அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. .44 ஸ்பெஷலுக்கான பழைய ரிவால்வர்கள் நாடு முழுக்க மேஜை இழுப்பறைகளில் கிடந்தன. கீத்தின் துப்பாக்கி தாங்கும். அந்தப் பழைய துப்பாக்கிகள் தாங்குமா? அவற்றின் சொந்தக்காரர்கள் கீத்தின் கட்டுரையைப் படித்திருப்பார்களா?

கடைசியில் கிடைத்த விடை, துப்பாக்கி வரலாற்றின் மிகச் சாதாரணமான, மிகப் புத்திசாலித்தனமான விடைகளில் ஒன்று. ரெமிங்டன் நிறுவனம் பித்தளைக் கூட்டை எட்டில் ஒரு அங்குலம் நீட்டியது. அவ்வளவுதான். 1.16 அங்குலம் 1.285 ஆனது. அதற்கு .44 மேக்னம் என்று பெயர் வைத்தார்கள். ஸ்மித் அண்ட் வெசன் அதற்கான ரிவால்வரை 1955 முடியும் தருணத்தில் செய்தது. புது மருந்துக்கு அந்த நீளம் பெரிதாகத் தேவைப்படவில்லை. பழைய கூட்டிலேயே கீத் முப்பது வருடம் சமாளித்தவர். நீட்டியது ஒரே காரணத்துக்காக: புதிய தோட்டா பழைய ரிவால்வரின் அறைக்குள் முழுதாக நுழையக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவன் கையில் போனாலும், அவசரத்தில் இருப்பவன் கையில் போனாலும், சிலிண்டர் மூடாது. எச்சரிக்கையைப் பித்தளையிலேயே எழுதிவிட்டார்கள்.

இதே வழியில் 1935இலேயே .38 ஸ்பெஷலை நீட்டித்தான் .357 மேக்னம் செய்திருந்தார்கள். தாத்தா பேரன் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். பேரன் தாத்தா வீட்டு வாசலில் இடித்துக்கொண்டு நிற்பான். .38 ஸ்பெஷலை .357 ரிவால்வரில் சுடலாம், .44 ஸ்பெஷலை .44 மேக்னமில் சுடலாம். திருப்பிப் போட்டால் நடக்காது.

கண்டிப்பாகப் பார்த்தால் கீத் செய்தது வைல்ட்கேட்டே இல்லை. அளவை அவர் மாற்றவில்லை, அழுத்தத்தை மட்டுமே மாற்றினார். அதனால்தான் அது வைல்ட்கேட்டைவிட ஆபத்தானதாக இருந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த .45 கோல்ட் பிரச்சினையும் அதுவே. அங்கே எட்டில் ஒரு அங்குலத்தை யாரும் சேர்க்கவில்லை. இன்றுவரை அந்த எச்சரிக்கை காகிதத்தில்தான் இருக்கிறது.

ஆறு ஐந்தானபோது

.44 மேக்னத்தை உலகத்துக்குத் தெரியவைத்தது 1971இல் வந்த ‘டர்ட்டி ஹாரி’ படம். உலகிலேயே வலிமையான கைத்துப்பாக்கி அதுதான் என்று க்ளின்ட் ஈஸ்ட்வுட் அதில் பெருமையடிப்பார். உண்மையில் அதைவிட வலிமையான ஒன்று யூட்டா மாநிலத்தில் ஒரு பட்டறையில் 1950களின் இறுதியிலேயே தயாராகிவிட்டது. கடைக்கு வரவில்லை, அவ்வளவே.

செய்தவர் டிக் காசுல். .45 கோல்ட்டைத்தான் அவரும் எடுத்துக்கொண்டார். கீத் கைவிட்ட அந்தப் பெரிய ஓட்டையையே வைத்துக்கொண்டு சுவரைத் தடிமனாக்க முடியுமா என்று பார்த்தார். பல சிலிண்டர்கள் விரிசல் விட்டபின் அவர் வந்து சேர்ந்த முடிவு, ஆறாவது அறையைத் தியாகம் செய்வது. ஐந்து அறை என்றால் இடையில் இரும்பு அதிகம். இன்னொரு லாபமும் உண்டு: நிறுத்துப் பள்ளங்கள் அறைகளுக்கு நேராக விழாமல் இரண்டு அறைகளுக்கு நடுவில், இரும்பு தடித்த இடத்தில் போய் விழும். பெரிய ரிவால்வர்களின் பிற்கால வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு முடிவின் தொடர்ச்சிதான்.

அவர் தோட்டாவையும் நீட்டினார். .454 காசுலின் கூடு .45 கோல்ட்டைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு அங்குலம் நீளம். பழைய துப்பாக்கிக்குள் போகாது. வயோமிங் மாநிலத்தில் ஃப்ரீடம் என்ற சிற்றூரின் பெயரையே வைத்துக்கொண்ட ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் 1983இல் அதற்கான ஐந்து அறை ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990களின் இறுதியில்தான் தோட்டாவுக்கு அதிகாரபூர்வ அளவுகள் கிடைத்தன. ஒரு பட்டறை யோசனை எல்லோருக்கும் பொதுவான வரைபடமாக மாற நாற்பது ஆண்டு ஆனது. ரூகர் நிறுவனம் பிறகு விசேஷக் கலப்பு உலோகத்தைப் பயன்படுத்தி அதே தோட்டாவுக்கு ஆறு அறை ரிவால்வரும் செய்தது. காசுல் தொடங்கியபோது அந்த உலோகம் அவர் கையில் இல்லை.

ஜான் லைன்பா வந்தது இன்னொரு வழியில். அவரும் வயோமிங்காரர். வேகத்தை விட்டுவிட்டு கனத்தைப் பிடித்துக்கொண்டவர். அகலமான, கனமான குண்டு மிதமான வேகத்தில் போனாலே பெரிய விலங்குக்குள் ஆழமாக இறங்கும் என்பது அவர் கட்சி. 1980களின் நடுவில் .348 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூட்டை 1.4 அங்குலமாக வெட்டி .500 லைன்பா செய்தார். பிறகு ஒரு கவலை வந்தது: .348 கூடு சந்தையிலிருந்தே மறைந்துவிட்டால்? ஆகவே அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்ட, எந்தக் காலத்திலும் கிடைக்கும் .45-70 கூட்டை அதே 1.4 அங்குலத்துக்கு வெட்டி .475 லைன்பாவைச் செய்தார்.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அப்படி இல்லை. தன் துப்பாக்கியை வாங்கியவர் இருபது வருடம் கழித்துத் தோட்டாவுக்கு என்ன செய்வார் என்று யோசித்த கன்ஸ்மித்கள் குறைவு. அவர் யோசித்தார்.

2001இல் ரூகரும் ஹார்னடியும் சேர்ந்து .475 லைன்பாவின் கூட்டைக் கொஞ்சம் குட்டையாக்கி, .480 ரூகர் என்று பெயரிட்டு விற்றன. பட்டறைக்காரரின் பெயர் போய்விட்டது என்று ரசிகர்களுக்கு வருத்தம். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அளவு பொதுவுக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் கடையில் பெட்டியாக வாங்கலாம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் குழலில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்கும். பெயர் போனதற்கு ஈடாக இது மோசமான பேரம் இல்லை.

எண் மட்டும் கைமாறினால்

அளவு கைமாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. .357 மேக்ஸிமம் என்ற தோட்டாவின் கதையைப் பாருங்கள். உலோகத்தால் செய்த விலங்கு உருவங்களைத் தூரத்திலிருந்து சுட்டுச் சாய்க்கும் போட்டிக்காக எல்ஜின் கேட்ஸ் என்பவர், .357 மேக்னத்தை நீட்டி ஒரு வைல்ட்கேட் செய்திருந்தார். உலோக உருவம் சாயவேண்டும் என்பதால் அவருடைய எண்ணத்தில் இருந்தது கனமான குண்டு. 1983இல் ரெமிங்டனும் ரூகரும் அதே போன்ற தோட்டாவையும் ரிவால்வரையும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, லேசான குண்டும் அதிவேகமும் சேர்ந்தன. சூடான வாயு, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளியில் பீறிட்டு ரிவால்வரின் மேல் பட்டையையும் குழலின் வாயையும் அரிக்க ஆரம்பித்தது. ரூகர் சீக்கிரமே அந்த மாடலை நிறுத்திவிட்டது.

கூட்டின் நீளம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த நீளத்தை எதற்காக வைத்தார்கள், எந்தக் குண்டுக்காக வைத்தார்கள் என்பது போய்ச் சேரவில்லை. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு, கமெண்ட் ஒரு வரிகூட இல்லாத கோடைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வேலை செய்கிறது, ஏன் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, கை வைத்தால் உடையும். இங்கே உடைவது சர்வர் இல்லை, சிலிண்டர்.

‘ஐந்நூறு’ என்றால் எந்த ஐந்நூறு?

இந்தத் துறையில் பெயர்களை நம்பவே கூடாது. .44 மேக்னத்தின் குண்டு உண்மையில் .429 அங்குலம். .38 ஸ்பெஷலின் குண்டு .357. சந்தைக்கு வந்த பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட எண்கள் அவை.

அரை அங்குல ரிவால்வர்களுக்கு வந்தால் குழப்பம் முற்றிவிடுகிறது. அமெரிக்கச் சட்டப்படி குழலின் உள்விட்டம் அரை அங்குலத்தைத் தாண்டினால், வேட்டைத் துப்பாக்கி போன்ற விலக்கு இருந்தாலொழிய அது ‘அழிவுக் கருவி’ என்ற தனிப் பிரிவுக்குள் போய்விடும். ஆகவே எல்லோரும் அந்தக் கோட்டில் வந்து நின்றார்கள், எல்லோரும் 500 என்றே பெயர் வைத்தார்கள். .500 லைன்பா, .500 லைன்பா லாங், .500 ஸ்மித் அண்ட் வெசன், ஃப்ரீடம் ஆர்ம்ஸின் .500 வயோமிங் எக்ஸ்பிரஸ், இன்னொரு கன்ஸ்மித்தின் முதலெழுத்துகளைத் தாங்கிய .500 ஜே.ஆர்.எச். இவற்றில் லைன்பாவின் குண்டு ஏறத்தாழ .510 அங்குலம், மற்றவற்றுடையது.500. லைன்பா குழலின் வரிகளுக்கு மேல் அளந்தால் அரை அங்குலம், பள்ளங்களில் அளந்தால் .510. சட்டம் முதல் அளவைப் பார்க்கிறது, குண்டு இரண்டாவதைப் பார்க்கிறது. ஒன்றுக்கு வாங்கிய குண்டை மற்றொன்றில் போட முடியாது. பெயரில் இதற்கான தடயம் எதுவும் இல்லை.

சட்டம் தோட்டாவின் அளவைத் தீர்மானிப்பது அமெரிக்காவில் மட்டும் நடந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு, கிளர்ச்சிக்காரர்கள் கையில் ராணுவத் தோட்டா பயன்படக் கூடாது என்று இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. இங்கே வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்காக லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470 என்று அந்தத் தடைக்கு ஒரு நூல் தள்ளிப் புது அளவுகளைச் செய்து தள்ளின. யானை, காட்டெருமைக்கான பெரிய ரைஃபிள்களில் இன்றும் புகழ்பெற்ற .470 பிறந்த கதை அது.

இனி இதற்குத் தேவை இருக்கிறதா?

2003இல் ஸ்மித் அண்ட் வெசன் .500 மேக்னத்தை அறிமுகப்படுத்தியபோது பட்டறைக்காரர்களின் பந்தயம் ஏறத்தாழ முடிந்துபோனது. நீளக் குழல் வைத்த மாடல் இரண்டு கிலோவைத் தாண்டும். இரண்டு கையாலும் பிடித்தால்கூட எல்லோராலும் சுட முடியாது. இரண்டு ஆண்டு கழித்து .460 மேக்னம். 1873இன் .45 கோல்ட்டும் காசுலின் .454உம் அதன் அறைக்குள் போகும். அது அவற்றின் அறைக்குள் போகாது. கொள்ளுத்தாத்தாவிலிருந்து கொள்ளுப்பேரன் வரை ஒரே வரிசை, வாசல் ஒரு பக்கம் மட்டும் திறக்கும். 130 ஆண்டு வரலாற்றை ஒரு சிலிண்டரில் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் காட்ட வேண்டும்.

அப்படியென்றால் புதிதாக ஒரு வைல்ட்கேட்டை ஏன் செய்ய வேண்டும்? ரசிகர்களிடம் பதில் இருக்கிறது. தொழிற்சாலை ரிவால்வர் கனமானது. அலாஸ்காவில் கரடி நடமாடும் ஆற்றோரத்தில் நாள் முழுக்க இடுப்பில் சுமக்க, லேசான உடலில் நடுத்தர அழுத்தம் போதும், அதைப் பெரிய நிறுவனம் செய்து தரவில்லை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. .500 ஜே.ஆர்.எச். உருவானது அப்படித்தான்: ஸ்மித் அண்ட் வெசனின் நீளக் கூட்டைக் குறைத்து, சாதாரண அளவு ரிவால்வருக்குள் அடக்கினார்கள். கீத்தும் காசுலும் லைன்பாவும் இல்லாமல் பெரிய நிறுவனங்கள் தாமாக எதையும் கண்டுபிடித்திருக்காது என்பதும் உண்மையே.

ஆனால் இன்னொரு வகை வைல்ட்கேட்டும் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் தோட்டாவிலிருந்து ஒரு துளி மட்டும் மாற்றி, தன் பெயரையோ நண்பரின் பெயரையோ ஒட்டிக்கொண்டது. வேகத்தில் சொல்லும்படி வித்தியாசம் இருக்காது. உலகத்தில் அந்த அறை அளவில் ஐந்தோ பத்தோ ரிவால்வர்தான் இருக்கும். சொந்தக்காரருக்கு அது பெருமை. அவர் பேரனுக்கு அது புதிர். இதற்கு எந்தத் தேவையும் இல்லை.

சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் காசுல் போன்றவர்களை அது முதலிலேயே தடுத்திருக்கும்; .454 பிறந்திருக்காது. தேவையான கட்டுப்பாடு அதைவிட மிகச் சிறியது. அறை அளவை மாற்றிய கன்ஸ்மித் குழலில் புது அளவின் முழுப் பெயரையும் தன் அடையாளத்தையும் வெட்டாமல் துப்பாக்கியைத் திருப்பித் தரக் கூடாது. நல்ல கன்ஸ்மித்கள் இதைச் செய்கிறார்கள், செய்யாதவர்களும் இருக்கிறார்கள். வடிவமைப்பவர், தன் தோட்டா எந்தப் பழைய துப்பாக்கிக்குள் தவறாக நுழையும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நுழையுமென்றால், கீத்துக்கு ரெமிங்டன் செய்ததுபோல நீளத்தையோ விளிம்பையோ மாற்றித்தான் ஆகவேண்டும். வரைபடத்தையும் எந்த அழுத்தத்துக்கு எந்த இரும்பு என்ற குறிப்பையும் ரகசியமாகப் பூட்டிவைப்பதில் தொழில் லாபம் இருக்கலாம். ஐந்து அறை சிலிண்டர் ஐம்பது வருடம் ஓடும். பட்டறை அவ்வளவு காலம் ஓடாது.

காசுல் 2018இல் இறந்தார். லைன்பா 2023இல் இறந்தார். அவர்களுடைய தோட்டாக்களுக்கு வரைபடம் இருக்கிறது, ரிவால்வர்களில் பெயர் வெட்டியிருக்கிறது, கூடு செய்து விற்கும் நிறுவனம் இருக்கிறது. அதே தலைமுறையில், அவ்வளவு பெயர் வாங்காத பட்டறைகளில் வேலை செய்தவர்களின் ரிவால்வர்களும் இப்போது ஒவ்வொன்றாக ஏலத்துக்கும் பழைய துப்பாக்கிக் கடைகளுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. குழலில் பழைய தொழிற்சாலைப் பெயர், உள்ளே வேறு அறை. வாங்கியவர் நல்ல கன்ஸ்மித்திடம் கொண்டுபோனால், குறைந்த சூட்டில் உருகும் ஒரு கலப்பு உலோகத்தை அறைக்குள் ஊற்றி, இறுகியதும் வெளியே எடுத்து, அதன் நீளத்தையும் விட்டத்தையும் அளந்து, இது எந்தக் கூட்டிலிருந்து வந்திருக்கும் என்று ஊகித்துச் சொல்வார். அந்தச் சிலிண்டரின் இரும்பு என்ன, அது எத்தனை ஆயிரம் பவுண்டு தாங்கும் என்பதை அந்த அச்சைப் பார்த்துச் சொல்ல அவராலும் முடியாது.